கிழக்கே திறந்த வாசல்

மூணாறில் காலையில் ஆள் ஏற்றும் ஜீப்புகள் பலவற்றுக்கும் ஒரே தடம்தான்: மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன். அணையில் படகு, மலையைப் பார்த்து ஒரு கூச்சல், கடைசியில் மேகத்துக்கு மேலே நின்று ஒரு படம். 32 கிலோமீட்டர் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்த வரிசையில் கடைசிப் பெயர் மட்டும் இடிக்கிறது. டாப் ஸ்டேஷனில் டீக்கடை இருக்கிறது, கேரட் விற்கிறார்கள், காட்சிமுனை இருக்கிறது. ஸ்டேஷன் என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு போக ஜீப்பைவிடப் பழைய டோப்போஷீட், அதாவது நில அளவை வரைபடத் தாள், உதவுகிறது.

இந்திய நில அளவைத் துறை நாட்டை எண்ணாலும் எழுத்தாலும் கூறுபோட்டு வைத்திருக்கிறது. அட்சரேகை 8 முதல் 12 பாகை, தீர்க்கரேகை 76 முதல் 80 பாகை வரையுள்ள கட்டத்துக்கு எண் 58. அதைப் பதினாறாக வெட்டி எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாக வெட்டினால் மேசையில் விரிக்கும் அளவுக்கு ஒரு தாள் வரும். மூணாறும் குண்டளையும் விழுவது 58 எஃப் 4-இல். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த பழைய தாளில் மாநில எல்லை கிடையாது; இந்தப் பக்கம் திருவிதாங்கூர், அந்தப் பக்கம் சென்னை மாகாணம். அதன் நகல் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பயணம் தொடங்கியது.

தாளை விரித்ததும் முதலில் கண்ணுக்குப் படுவது பழுப்பு நிறச் சுருள்கள். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோத்த கோடுகள் அவை. கோடுகள் விலகியிருந்தால் நிலம் சாய்ந்து படுத்திருக்கிறது, நெருங்கியிருந்தால் செங்குத்து. பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு கூடுதல் இன்பம் உண்டு. ‘கோடு’ என்றால் கீறல், மலைமுகடும்கூட. திருச்செங்கோட்டில் இருப்பது அந்தக் கோடு. ‘வரை’ என்றால் வரைவது, எல்லை, மலை மூன்றும். இந்தப் பள்ளத்தாக்கையும் சுற்றுவட்டத்தையும் சேர்ந்த எஸ்டேட் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் செண்டுவாரை, சிட்டிவாரை, வாகுவாரை என்று அந்தப் பழைய சொல்லின் சாயல் காதில் விழுகிறது. மலையைத் தாளில் கோடாக்கும் வித்தை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மொழி இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருந்தது.

மூணாறு என்ற பெயருக்கு விளக்கம் தாளிலேயே நீல மையில் இருக்கிறது. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடும் இடம். அவற்றில் குண்டளையாற்றின் மேல் விரலை வைத்து, நீரோட்டத்துக்கு எதிராக மேலே நகர்த்த வேண்டும். விரல் போகிற திசை வடகிழக்கு. மாட்டுப்பட்டி வருகிறது, பாலாறு வருகிறது, குண்டளை வருகிறது. பழுப்புக் கோடுகள் இந்தத் தூரம் முழுக்க ஓரளவு நிதானமாக விலகியே நிற்கின்றன. ஆறு மெலிந்து மெலிந்து ஒரு முகட்டடியில் முடிகிறது. முகட்டைத் தாண்டியதும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பழுப்பு மை கொட்டினாற்போல ஆகிவிடுகின்றன. அங்கே, அந்த நெருக்கத்தின் விளிம்பில், டாப் ஸ்டேஷன் என்ற பெயர். தாளும் ஏறக்குறைய அங்கேயே முடிந்துபோகிறது. 77 பாகை 15 கலைத் தீர்க்கரேகைதான் அதன் கிழக்கு ஓரம். அதற்குக் கீழே என்ன என்று பார்க்க அடுத்த தாள், 58 எஃப் 8, வேண்டும்.

ஆற்றங்கரையோடு மெதுவாக ஏறி ஒரு பாதாளத்தின் விளிம்பில் போய் நிற்கிற பாதை எதற்கு? பள்ளத்தாக்கின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மாட்டுப்பட்டியில் ஜீப் நிற்கிறது. எதிரே ஏரி, படகுத்துறை, பலூன் விற்பவர்கள். தாளில் ஏரி இல்லை. ஒல்லியாக ஒரு நீலக் கோடு வளைந்து போகிறது, அவ்வளவுதான். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இல் ஓடத் தொடங்கியது. அதற்குத் தண்ணீர் சேர்த்து வைக்க 1940-களில் குண்டளையிலும் 1950-களில் மாட்டுப்பட்டியிலும் அணை எழுந்தது. சுற்றுலாப் பயணிகள் இயற்கையின் கொடை என்று நம்பிப் படம் எடுக்கும் இரண்டு ஏரிகளும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. ஆற்றின் இரு கரையிலும் இருந்த தாழ்நிலம் நீருக்கடியில் போய்விட்டது. பழைய தாளைப் பிடித்துக்கொண்டு அணைமேல் நிற்பவருக்கு ஏரியின் அடித்தளம் தெரிகிறது, அதன் மடிப்புகள் உட்பட.

ஊர்ப் பெயரும் பேசுகிறது. மாட்டுப்பட்டி: மாடு அடைக்கும் பட்டி. இந்தோ-சுவிஸ் கால்நடைப் பண்ணை இங்கே 1963-இல் வந்தது. பண்ணையை வைத்துத்தான் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் அதற்கு முந்தியது. தேயிலை வருவதற்கு முன் இந்த மலைகளின் மேற்பகுதி சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறிக் கிடந்த நிலம். புல் இருந்த இடத்துக்கு மாடு வந்திருக்கிறது, மாட்டோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள், பட்டி போட்டிருக்கிறார்கள். ஆவணம் எழுதி வைக்காத ஒரு மேய்ச்சல் காலம் அந்த ஏழெழுத்துச் சொல்லில் மிச்சமிருக்கிறது.

இந்த மலைத்தொடரை வெள்ளைக்காரர்கள் முதலில் ஒழுங்காக அளந்தது 1816 முதல் 1820 வரை. லெப்டினன்ட்கள் வார்டு, கானர் இருவரும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் முழுவதையும் அளந்து குறிப்பும் எழுதினார்கள். அதே வார்டுதான் 1821-இல் பழனிமலையை அளந்தவர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து அளந்த நிலம் விலைக்கு வந்தது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். கண்ணன் தேவன் என்பது இந்தப் பக்கத்து ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர். இன்று தேயிலைப் பொட்டலத்தில் படிக்கிறோம். காப்பி, சிங்கோனா என்று கொஞ்ச காலம் சோதித்துப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது.

தேயிலை பறிக்க ஆள் வேண்டும், ஆளுக்கு அரிசி வேண்டும், பறித்ததைக் கப்பலுக்கு அனுப்ப வழி வேண்டும். இந்த மூன்றுக்கும் கிழக்கே பார்த்தார்கள். ஆள் வந்தது மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து, கங்காணிமார் பின்னால், நடந்தே. அரிசி வந்தது கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளியிலிருந்து. துறைமுகம் தூத்துக்குடி. மேற்கே கொச்சிப் பக்கம் அடர்காடும் மழைவெள்ளமும் பெரியாறும் குறுக்கே கிடந்தன. கிழக்கேயோ, செங்குத்தாக இருந்தாலும், ஒரே ஓர் இறக்கம். இறங்கிவிட்டால் போடி, போடியிலிருந்து வண்டிப்பாதை. ஆகவே பள்ளத்தாக்கின் வாசல் கிழக்கே திறந்தது. தாளில் அந்த நெருக்கமான பழுப்புக்குள்ளும் புள்ளி புள்ளியாக ஒற்றையடிப் பாதைகள் ஏறி இறங்குகின்றன. அவற்றில் பல தேயிலைக்கு முந்தியவை. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் வழிவரலாற்றைச் சொல்லும் முதுவர் பழங்குடியினர் நடந்து போட்ட தடங்கள் அவை.

1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மோனோரயில் என்றதும் இன்றைய நகரத்து மேம்பாலம் ஞாபகத்துக்கு வரும், இது வேறு. தரையில் ஒரே ஒரு தண்டவாளம், அதன்மேல் வண்டியின் சிறு சக்கரங்கள். வண்டி சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருளும். பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல் இறங்கிவிடும். இழுப்பது மாடு. யூயிங் முறை எனப்படும் இதே ஏற்பாட்டில் பின்னால் 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்திலும் ஒன்று ஓடியது. அதன் இன்ஜின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டளைக்கு அந்தப் பாக்கியமில்லை. ஆறே ஆண்டில், 1908-இல், ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். மாட்டுப்பட்டியிலும் பாலாற்றிலும் ஸ்டேஷன். மூணாறு ஸ்டேஷனாக இருந்த கட்டடம் பின்னால் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

சின்ன ரயிலுக்குச் சரிவு ஆகாது. அதனால் அது சமவுயரக் கோடுகளின் பேச்சைக் கேட்டுத்தான் போயாக வேண்டும். கோடு வளையும் இடத்தில் வளைந்து, ஆறு ஒதுக்கித் தரும் சமதளத்தில் ஆற்றோடு ஒட்டிக்கொண்டு. மூணாறிலிருந்து குண்டளை வரை இன்றைய தார்ச்சாலை பல இடங்களில் ஓடுவது அந்த ரயில்மேட்டின் மேல்தான். கொண்டை ஊசி வளைவு இல்லாமல், தாலாட்டுவதுபோல இந்தச் சாலை ஏறுவதன் காரணம் அது. ஜீப்பில் ஓட்டுநர் கியர் மாற்றாமலே போகிற தூரங்களைக் கவனித்தால் தண்டவாளம் இருந்த இடத்தை உடம்பே சொல்லிவிடும்.

ஆறு கொடுத்த வழியை ஆறே எடுத்துக்கொண்டது. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், மழை நாள்கணக்கில் நிற்காமல் பெய்தது. கேரளத்தில் இன்றும் வயதானவர்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே அதைச் சொல்கிறார்கள். மலை சரிந்தது, மூணாறு நகரம் நீரில் மூழ்கியது, ஆற்றோரம் போட்டிருந்த தண்டவாளமும் பாலங்களும் போயின. பதினாறு ஆண்டு ஓடிய ரயிலை மறுபடி போடவில்லை.

பள்ளத்தாக்கு முகத்தைத் திருப்பியது அதற்குப் பிறகுதான். கொச்சிப் பக்கமிருந்து வந்த பழைய பாதையையும் அந்த வெள்ளம் சிதைத்திருந்தது. அதற்குப் பதிலாக ஆலுவாயிலிருந்து நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலையை வெட்டினார்கள். 1931-இல் ராணி சேது லட்சுமிபாய் திறந்து வைத்தார். நேரியமங்கலத்தில் பெரியாற்றுக்கு மேல் பாலம் 1935-இல் முடிந்தது. லாரி வந்தது, தேயிலை மேற்கே இறங்கியது. முன்வாசல் கொல்லைப்புறமாயிற்று. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளம் வட்டம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரும் போராட்டம் நடந்தது. வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த விவாதத்தின் நியாயங்களை இங்கே எடைபோட இடமில்லை. ஆனால் எல்லை பேசியவர்கள் அத்தனை பேரும் 1924-க்கு முந்தைய பாதைகளைப் பார்த்திருந்தால், இந்த மக்கள் எந்த வழியாக மலை ஏறினார்கள் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியிருந்திருக்காது.

குண்டளையைத் தாண்டியதும் லயங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், முன்னால் ஒரு சாமந்திச் செடி, தகரத்தில் காயும் துணி. டோப்போஷீட்டில் லயம் என்பது ஒரு சிறு கட்டம். தொழிற்சாலைக்குப் பெயர் உண்டு, பங்களாவுக்குப் பெயர் உண்டு, கட்டத்துக்குப் பெயர் இல்லை. நூறு ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கைப் பச்சையாக வைத்திருந்த மனிதர்கள் முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள்தான் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் அவற்றிலிருந்து பெண்கள் கிளம்பி வந்து, போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, தமிழில் முழக்கமிட்டு, ஒன்பது நாளில் போனஸை வாங்கினார்கள். வரைபடத்தில் பெயர் இல்லாத கட்டங்களைப் பார்க்கும்போது அந்த வீதிதான் நினைவில் எழுகிறது, எழவும் வேண்டும்.

டாப் ஸ்டேஷனை அடையுமுன் ஜீப் மாநில எல்லையைத் தாண்டுகிறது. சாலை வழியாக என்றால் கேரளத்திலிருந்து போய்த்தான் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தின் இந்த மூலையைத் தொட முடிகிறது. பக்கத்தில் வட்டவடை, பாம்பாடுஞ்சோலை. அங்கிருந்து கொடைக்கானலுக்குப் போன மலைச்சாலையும் தாள்களில் உண்டு; 1990-இல் போக்குவரத்து நின்றுபோனது. புதிய தாளிலும் கோடு இருக்கிறது, தரையில் காடு மூடிக்கொண்டிருக்கிறது.

காட்சிமுனையில் நின்றால் தாள் சொன்னது அப்படியே நடக்கிறது. காலடியில் நிலம் அறுந்துபோகிறது. இந்தப் பக்கம் விழுகிற மழை குண்டளையாறாகி, பெரியாறாகி, அரபிக்கடலுக்குப் போகும். இரண்டு எட்டு தள்ளி விழுவது கொட்டகுடி ஆறாகி வைகையைச் சேரும். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது இந்தச் சரிவு நீலமாகக் கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது நடக்கும், இனி 2030.

ஸ்டேஷன் இதோ, இங்கேதான் இருந்தது. மூணாறிலிருந்து வந்த ரயிலின் கடைசி நிறுத்தம். அதோடு ஒரு ரோப்வேயின் மேல்முனை. தேயிலைப் பெட்டிகள் ரயிலிலிருந்து இறங்கிக் கம்பியில் தொங்கி, சுமார் 5 கிலோமீட்டர் அந்தரத்தில் பயணம் செய்து கீழே கொட்டகுடிக்குப் போயின. ரயில் மணிக்கணக்கில் ஏறியது சில நூறு மீட்டர். கம்பி அதைப்போலப் பல மடங்கு உயரத்தை ஒரே மூச்சில் இறக்கியது. மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். ஆங்கில அதிகாரிகள் கணக்குப் புத்தகத்துக்காக வைத்த பெயர்கள் ஊர்ப் பெயர்களாகிவிட்டன. கம்பி போய்விட்டது, பெட்டி போய்விட்டது, பெயர்கள் மட்டும் மலையில் மேல், நடு, கீழ் என்று சரியான வரிசையில் நிற்கின்றன. அந்த மூன்றையும் ஒரு கோட்டால் இணைத்தால் ரோப்வே தாளில் மீண்டு வருகிறது.

இங்கிருந்து குரங்கணிக்கு இறங்குகிற நடைபாதை வனத்துறை அனுமதியோடு மட்டுமே. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். காய்ந்த போதைப்புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதக் காலைவிட வேகமாக. பழுப்புக் கோடுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்த இடத்தைத் தாளில் பார்க்கும்போது, நெருக்கம் என்பதற்கு இன்னொரு பொருள் இருப்பது புரிந்து கை நடுங்குகிறது.

சென்ட்ரலைக் கடந்து இறங்க இறங்கக் காற்று மாறுகிறது. தேயிலைக்குளிர் விட்டு, காப்பித் தோட்டத்து நிழல், பிறகு இலவமரம், மாந்தோப்பு. வண்டி போகாத மலையூர்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்றும் குதிரையும் கோவேறு கழுதையும் பொதி சுமக்கின்றன. முதுவாக்குடி என்ற பெயர் தாளிலும் வழியிலும் வருகிறது. வலப்புறம் அண்ணாந்தால் கொழுக்குமலை. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் சாலை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். எல்லைக்கோடு ஒரு பக்கம் போனது, பாதை இன்னொரு பக்கம் போனது.

கொட்டகுடியில் இறங்கிய தேயிலைக்கு அதன்பின் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிதான், போடி வரை. அங்கே ரயில் காத்திருந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மலைமேல் ரயில் செத்தது 1924-இல். நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விட்டன. ஒருவேளை வெள்ளம் வராமல் இருந்திருந்தால், மேலே சின்ன ரயில், நடுவில் கம்பி, கீழே மீட்டர்கேஜ் என்று மூணாறிலிருந்து தூத்துக்குடி வரை ஒரே சங்கிலி கோத்திருக்கும். அப்படியொன்று கைகூடியிருந்தால் மலையின் முன்வாசல் இன்றும் போடியாகவே இருந்திருக்கும்.

போடி ரயிலின் ஆயுசும் நிம்மதியானதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தியவர்கள் 2023 ஜூன் வரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்தார்கள்.

மாலையில் போடி ஸ்டேஷனில் ஏலக்காய் வாசம் இல்லாத மூட்டையே இல்லை என்று தோன்றும். நடைமேடையின் மேற்கு முனையில் தண்டவாளம் முடிகிறது. முடிகிற இடத்துக்கு நேரே மலை, அதன் மடிப்புகளில் இருள் ஏறிக்கொண்டிருக்கிறது. தாள்களை விரித்து எட்டாம் எண்ணையும் நான்காம் எண்ணையும் ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பார்த்தால், போடி ஸ்டேஷனுக்கும் டாப் ஸ்டேஷன் என்ற பெயருக்கும் இடையே புள்ளிப் பாதைகள் மட்டும் இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் கிளம்பும் சென்னை வண்டிக்குக் கூட்டம் சேர்கிறது. மூணாறு எஸ்டேட்டிலிருந்து போடிமெட்டு வழியாகப் பஸ்ஸில் இறங்கிய ஒரு குடும்பம் பை, பாய், ஒரு டப்பா தேயிலைத்தூள் சகிதம் பெட்டி எண்ணைத் தேடுகிறது. இன்ஜின் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறது.